மலிவு 4கே மொனிட்டர்: எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி விசாரித்தால் 27 அங்குல 4கே மொனிட்டருக்குக் கடைக்குக் கடை ஒரு விலை சொல்வார்கள். எல்லாப் பெட்டியிலும் 3840×2160 என்றே போட்டிருக்கும். பிக்ஸல் (திரையின் புள்ளி) கணக்கு ஒன்றாக இருக்க விலை மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? பிக்ஸல் இன்று மலிந்துவிட்டது. விலையை இறக்க நினைக்கும் தயாரிப்பாளர் கைவைப்பது ஸ்டாண்டில், போர்ட்டில், பின்னொளியில். இறக்குமதி செய்பவர் கைவைப்பது வொரண்டியில். அவர்கள் எங்கே கைவைத்தார்கள் என்று கண்டுபிடித்து, அந்தக் குறை உங்கள் வேலையைத் தொடுமா என்று பார்ப்பதுதான் இங்கே முழு வேலையும்.

ரூபாய்த் தொகைகளை இதில் எழுதவில்லை. டொலரோடு சேர்ந்து ஆடும் விலை, எழுதிய மை காய்வதற்குள் பழசாகிவிடும். பதிலாக ஒரே நாளில், ஒரே கடையில் மூன்று விலை கேளுங்கள்: 24 அங்குல முழு எச்டி (1920×1080), 27 அங்குல கியூஎச்டி (2560×1440), 27 அங்குல 4கே. முதல் படி முடிந்ததும், இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கொடுப்பது தகுமா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 1: மேசையை அளந்து பாருங்கள்

வழக்கமாக இருக்கும் கதிரையில் இருந்துகொண்டு, கண்ணிலிருந்து திரை நிற்கப்போகும் இடம் வரை அளவுநாடா பிடியுங்கள். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 3438ஐ ஓர் அங்குலத்திலுள்ள பிக்ஸல் எண்ணிக்கையால் வகுத்தால், எத்தனை அங்குலத் தூரத்துக்கு அப்பால் தனித்தனிப் பிக்ஸல் கண்ணுக்குப் படாது என்று வரும். செ.மீ. ஆக்கினால் இப்படி:

24 அங்குலம் முழு எச்டி: அங்குலத்துக்கு 92 பிக்ஸல், எல்லைத் தூரம் 95 செ.மீ.
27 அங்குலம் கியூஎச்டி: 109 பிக்ஸல், 80 செ.மீ.
32 அங்குலம் கியூஎச்டி: 92 பிக்ஸல், 95 செ.மீ.
27 அங்குலம் 4கே: 163 பிக்ஸல், 54 செ.மீ.
32 அங்குலம் 4கே: 138 பிக்ஸல், 63 செ.மீ.
43 அங்குலம் 4கே: 102 பிக்ஸல், 85 செ.மீ.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். 32 அங்குல கியூஎச்டியின் கூர்மை 24 அங்குல முழு எச்டியின் கூர்மைதான். "பெரிசு, அதோட கியூஎச்டி" என்று விற்கப்படும் இந்த அளவை எழுத்து வேலைக்கு வாங்குகிறவர் திரையைப் பெரிதாக்குகிறாரே தவிர எழுத்தைக் கூர்மையாக்கவில்லை.

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் சுவரோடு ஒட்டிய 60 செ.மீ. ஆழ மேசையில் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 60 முதல் 70 செ.மீ. தான் கிடைக்கும். அந்தத் தூரத்தில் 27 அங்குலத்தில் கியூஎச்டிக்கும் 4கேக்கும் உள்ள வித்தியாசம் பளிச்செனத் தெரியும். ஆழமான மேசையில் 80 செ.மீ. தள்ளி இருப்பவருக்கு அது வெகுவாகக் குறைந்துவிடும். அவர் கியூஎச்டி வாங்கி, மிச்சக் காசை நல்ல ஸ்டாண்டிலும் வொரண்டியிலும் போடலாம்.

நாள் முழுக்கத் தமிழ் வாசிப்பவர், தட்டச்சு செய்பவர் என்றால் தராசு 4கே பக்கம் சாயும். 12 புள்ளி அளவு எழுத்துக்கு விண்டோஸ் 100% ஸ்கேலில் (எழுத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு) கிடைப்பது 16 பிக்ஸல் உயரம். அந்தப் பதினாறுக்குள் 'ண'வின் மூன்று சுழியும், 'ணை'யின் கொம்பும், 'ந்'தின் புள்ளியும் அடங்க வேண்டும். புள்ளிக்கு மிஞ்சுவது இரண்டு பிக்ஸல் அளவில் ஒரு சாம்பல் திட்டு. 150% ஸ்கேலில் அதே எழுத்துக்கு 24 பிக்ஸல், 200%இல் 32. மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு 'ன'வா 'ண'வா, புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கும் வேலை குறையும். ஆங்கிலம் மட்டும் வாசிப்பவருக்கு இவ்வளவு பலன் இல்லை.

படி 2: உங்கள் இயந்திரம் 4கேயை 60 ஹேர்ட்ஸில் தருமா?

காசு வீணாவது அதிகமும் இந்த இடத்தில்தான். மொனிட்டர் நல்லது, படம் வருகிறது, ஆனால் மவுஸ் அம்பு இழுபட்டு இழுபட்டு நகர்கிறது. காரணம் 60க்குப் பதில் 30 ஹேர்ட்ஸ், அதாவது திரை ஒரு செக்கனுக்குப் புதுப்பிக்கப்படுவது 30 முறைதான். 4கே 60 ஹேர்ட்ஸ் போக எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளே போர்ட் 1.2 வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 இருந்தால் 4கே 30க்கு மேல் போகாது. இந்த இரண்டு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் வடிவம் ஒன்றேதான். பார்த்துச் சொல்ல முடியாது.

இன்டெலின் 8, 9, 10ஆம் தலைமுறை லெப்டொப்புகள் பலவற்றில் எச்டிஎம்ஐ 1.4 தான் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலான சிப்களின் கிராபிக்ஸ் நேரடியாகத் தருவது அவ்வளவே, 2.0 வேண்டுமென்றால் லெப்டொப் தயாரிப்பாளர் தனியாக ஒரு மாற்றிச் சிப் வைத்திருக்க வேண்டும். 10ஆம் தலைமுறையின் சில சிப்களிலும், 11ஆம் தலைமுறையின் ஐரிஸ் எக்ஸ்ஈ கிராபிக்ஸ் முதல் பொதுவாகவும் 2.0 நேரடியாக வருகிறது. பழைய லெப்டொப்பில் யூஎஸ்பி-சியோ மினி டிஸ்பிளே போர்ட்டோ இருந்தால், எச்டிஎம்ஐயை மறந்துவிட்டு அந்த வழியில் போவதே நல்லது.

டெஸ்க்டொப்பில் என்விடியா ஜிடிஎக்ஸ் 900 வரிசை, ஏஎம்டி ஆர்எக்ஸ் 400 வரிசை முதல் எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறது. மலிவுக் கார்ட்களில் ஜிடி 1030 போதும், ஜிடி 710 போதாது. இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், கவனம்.

யூஎஸ்பி-சி ஓட்டை இருந்தால் படம் வரும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் போர்ட் 'டிஸ்பிளே போர்ட் ஆல்ட் மோட்' என்ற, யூஎஸ்பி-சி வழியே படம் அனுப்பும் முறையை ஏற்க வேண்டும். பக்கத்தில் ஆங்கில 'D' வடிவ டிஸ்பிளே போர்ட் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா பாருங்கள். குறியில்லாவிட்டால் மொடல் இலக்கத்தை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேடுங்கள். போன் சார்ஜ் செய்யும் யூஎஸ்பி-சி வயரில் பெரும்பாலும் படம் போகாது. உள்ளே யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும் மலிவு யூஎஸ்பி-சி ஹப்களின் பெட்டியில் '4கே' என்று பெரிதாக இருக்கும். பின்பக்கம் சிறிய எழுத்தில் '30 ஹேர்ட்ஸ்' என்றிருக்கும். அதே கதைதான் டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்ன அடாப்டருக்கும். '4கே 60' என்று எழுதாத எதையும் 30 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மக்புக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விடயம். எம்1, எம்2 மக்புக் எயார்களில் ஒரு வெளி மொனிட்டர்தான் நேரடியாக இயங்கும். மற்றது, 2018இன் மொஹாவே பதிப்பிலிருந்து ஆப்பிள் எழுத்து விளிம்பைப் பூசி மெழுகும் பழைய நுட்பத்தைக் கைவிட்டுவிட்டது. அதனால் முழு எச்டி வெளித்திரையில் எழுத்து மெலிந்து கலங்கித் தெரியும். தமிழில் இன்னும் மோசம். மக்புக்குக்கு 4கே ஆடம்பரமல்ல.

விளையாட்டுக்கு: 4கேயில் 8.29 மில்லியன் பிக்ஸல், முழு எச்டியில் 2.07 மில்லியன். கிராபிக்ஸ் கார்டுக்கு நாலு மடங்கு வேலை. ஆனால் 4கே முழு எச்டியின் சரியாக இரண்டு மடங்கு அகலமும் உயரமும் என்பதால், விளையாட்டை மட்டும் முழு எச்டியில் ஓட்டும்போது ஒரு பிக்ஸல் நாலாக விரிந்து சுத்தமாகப் பொருந்தும். என்விடியா ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் கார்ட்களின் கன்ட்ரோல் பனலில் 'இன்டிஜர் ஸ்கேலிங்' என்ற தெரிவு இதற்காகவே உண்டு. கியூஎச்டியில் இது 1.33 மடங்கு என்பதால் கலங்கும்.

படி 3: பனலைத் தெரியுங்கள்

பனல் என்பது படத்தைக் காட்டும் திரைத்தகடு. மலிவில் மூன்று வகை. எழுத்து, வடிவமைப்பு, படம் திருத்தல் எல்லாவற்றுக்கும் ஐபிஎஸ். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாது. குறை, கறுப்பு முழுக் கறுப்பாக இராது (வெள்ளைக்கும் கறுப்புக்குமான வேறுபாட்டு விகிதம் 1000:1 அளவு). இருட்டறையில் மூலைகளில் ஒரு மங்கல் ஒளி தெரியும். அது பழுதல்ல, வகையின் இயல்பு.

விஏயில் கறுப்பு ஆழமானது, 3000:1 அளவு. இரவில் படம் பார்ப்பவருக்கு இனிமை. ஆனால் கறுப்புப் பின்னணியில் எழுத்தை உருட்டினால் பின்னால் ஒரு வால் இழுபடும். மலிவு 32 அங்குல 4கேகளில் விஏ அதிகம்.

டிஎன் இன்று புதிதாக அவ்வளவாக வருவதில்லை. பழையது வாங்கும்போது மாட்டுப்படும். 2014, 2015 காலத்து 28 அங்குல 4கே மொனிட்டர்களில் பெரும்பாலானவை டிஎன். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே திரையின் மேற்பகுதி நிறம் மாறும். இக்மன் விளம்பரத் தளத்தில் '4கே 28 அங்குலம், நல்ல நிலை' என்று ஆச்சரியமான விலையில் ஒன்று தென்பட்டால் முதலில் கேட்க வேண்டியது பனல் வகை. அதைவிட முந்திய ஆரம்பகால 4கேகள் சில, திரையை இரண்டு துண்டாகப் பிரித்துச் சமிக்ஞை வாங்குபவை. பாதித்திரை எழும்பாமல் நிற்பது அவற்றின் வழக்கமான வியாதி. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

43 அங்குல 4கே டிவியை மொனிட்டராக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. மேசை ஆழமென்றால் ஆகும், சில நிபந்தனைகளோடு. டிவியின் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐயை 'பிசி' என்று பெயர் மாற்றி, படத்தை ஓரத்தில் வெட்டும் ஓவர்ஸ்கானை நிறுத்துங்கள். கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து வைத்துப் பாருங்கள். அது கலங்கினால் டிவி நிறத்தைச் சுருக்கி (4:2:0) வாங்குகிறது. எழுத்து வேலைக்கு உதவாது. கணினி தூங்கி எழும்பும்போது டிவியும் கூடவே எழும்பாது. ரிமோட்டைத் தேட வேண்டும்.

படி 4: எங்கே குறைத்திருக்கிறார்கள்?

ஸ்டாண்ட் முதல் பலி. மலிவு மொடல்களின் ஸ்டாண்ட் முன்னும் பின்னும் சாயும், உயராது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்துத்தான் விலை கொடுக்கும். இரண்டு தடித்த புத்தகம் வைத்தும் சரிக்கட்டலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. மொனிட்டரைத் தாங்கும் கை (ஆர்ம்) தனியாகப் போட நினைத்தால் பின்புறம் அதைப் பூட்டும் 100×100 அல்லது 75×75 மி.மீ. வெசா துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். சில மெல்லிய மொடல்களில் அதையும் எடுத்துவிட்டார்கள். கையின் விலையைக் கூட்டிப் பார்த்தால், உயரம் மாறும் ஸ்டாண்டோடு வரும் அடுத்த மொடல் பல நேரம் மலிவாகவே முடியும்.

வெளிச்சம் அடுத்தது. 250 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) என்றிருந்தால் உள்ளறைக்குப் போதும். கொழும்பில் கடல் மேற்கே. காலி வீதிக்குக் கடல் பக்கமாக மேற்கு ஜன்னல் வைத்த அறையில் பின்னேரம் நாலு மணிக்கு 250 நிட் திரை வெளுத்துப் போகும். அங்கே 350 தேடுங்கள், அல்லது மேசையைத் திருப்பி ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். இரண்டாவது வழிக்குச் செலவில்லை.

வெளிச்சத்தையும் இருளையும் கூடிய வேறுபாட்டோடு காட்டும் முறையான 'எச்டிஆர் 10' என்ற முத்திரைக்கு ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள். அந்தச் சமிக்ஞையை ஏற்கும் என்பதுதான் அதன் பொருள், காட்டும் என்பதல்ல. விண்டோஸில் எச்டிஆரைப் போட்டால் மலிவுத் திரையில் எல்லாம் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். பிக்ஸல் மாறும் வேகம் '1 மில்லிசெக்கன்' என்பதும் அப்படியே. எம்பிஆர்டி என்று பக்கத்தில் இருந்தால் அது பின்னொளியை வெட்டி வெட்டி எடுத்த எண்.

நிறத்துக்கு எஸ்ஆர்ஜிபி (பொதுவாகப் பாவிக்கும் நிற வரம்பு) 99% இணையத்துக்கும் சாதாரண அச்சு வேலைக்கும் போதும். கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்கள் டிசிஐ-பி3 (அதைவிட அகன்ற நிற வரம்பு) 95% என்ற வரியைப் பார்த்து மயங்க வேண்டாம். எஸ்ஆர்ஜிபி மோட் இல்லாத அகல நிறத் திரையில் சேலைச் சிவப்பெல்லாம் எரிந்து தெரியும். அச்சில் வந்தபின் வாடிக்கையாளர் கேட்பார்.

போர்ட்டில் குறைத்தால் அது வாழ்நாள் குறை. குறைந்தது ஒரு டிஸ்பிளே போர்ட், ஒரு எச்டிஎம்ஐ 2.0. பழைய 4கேகளில் மொனிட்டர் பக்கத்து எச்டிஎம்ஐயே 1.4 ஆக இருக்கும். '2.1' என்று போட்டிருந்தாலும் அந்த எண்ணை நம்பாமல், 4கேயில் எத்தனை ஹேர்ட்ஸ் என்று கேளுங்கள். யூஎஸ்பி-சியால் லெப்டொப்பைச் சார்ஜ் செய்யும் வசதி (65 வாற் அல்லது 90 வாற்) விலையை நன்றாக ஏற்றும். தினமும் லெப்டொப்பைக் கழற்றிக்கொண்டு அலுவலகம் போகிறவருக்குத் தகும், மற்றவருக்கு வேண்டாம்.

இவற்றில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்டால் எங்கள் வரிசை இது: முதலில் எச்டிஆர், பிறகு ஸ்பீக்கர், பிறகு ஸ்டாண்ட், பிறகு வெளிச்சம். பனல் வகையையும் போர்ட்டையும் வொரண்டியையும் விடாதீர்கள். பின்னால் காசு கொடுத்தும் திருத்த முடியாதவை அவை.

படி 5: விலையும் வொரண்டியும் பேசுதல்

சொல்லும் விலை வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்ததா என்று முதல் வாயிலேயே கேளுங்கள். 2024 ஜனவரி முதல் வற் 18%. பின்னால் தெரிந்தால் பட்ஜெட் கவிழும். காசு விலை, கார்ட் விலை, தவணை விலை என்று மூன்று இருந்தால் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

வொரண்டி யாருடையது? இலங்கை ஏஜென்ட் தருவதா, கடைக்காரர் தானே தருவதா? தனிப்பட்ட இறக்குமதியில் வந்த பெட்டிக்குக் கடை வொரண்டி மட்டும் இருக்கும். கடை போனால் வொரண்டியும் போகும். பில்லில் மொடல் இலக்கம், தொடரிலக்கம், வொரண்டிக் காலம் மூன்றும் ஏறியிருக்க வேண்டும். பெட்டியிலுள்ள மொடலின் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள்; ஓர் எழுத்து மாறினால் ஸ்டாண்டோ போர்ட்டோ மாறியிருக்கும்.

பில்லின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். கொழும்புக் கணினிக் கடைகளின் பில்களில் 'ஒரு வருடம் = 350 நாள்' என்று அச்சடித்திருப்பது புதிதல்ல. மூன்று வருடம் என்பது 1050 நாள். 45 நாள் அங்கே போய்விட்டது. மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், எரிந்த தடம், உப்புக்காற்றில் பிடித்த துரு ஆகியவை பெரும்பாலும் விலக்கு.

செத்த பிக்ஸல் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஐஎஸ்ஓ 9241-307 தரம், பழுதான பிக்ஸல் மில்லியனுக்கு இத்தனை வரை பொறுக்கலாம் என்று வகுப்புவாரியாகக் கணக்கிடுகிறது. 4கேயில் எட்டு மில்லியனுக்கு மேல் இருப்பதால் அந்தப் பொறுமையும் அத்தனை மடங்கு. "ஒன்று இருந்தாலும் இன்றே மாற்றித் தருவீர்களா அண்ணை?" என்று காசு கொடுக்கமுன் கேட்பதற்கும், கொடுத்தபின் கேட்பதற்கும் வரும் பதில் ஒன்றல்ல. வொரண்டி எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. அழைப்பு எண் 1977. பில் இல்லாமல் அங்கே போவதில் பயனில்லை.

படி 6: கடையில் பதினைந்து நிமிடம்

உங்கள் லெப்டொப், 4கே 60 போகும் உங்கள் கேபிள், ஒரு யூஎஸ்பி ஸ்டிக் கொண்டு போங்கள். ஸ்டிக்கில் 3840×2160 அளவில் ஆறு படம்: முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், நடுச்சாம்பல். கூடவே சின்ன எழுத்தில் தமிழ்ப் பக்கம் ஒன்று. காட்சிக்கு வைத்த மொனிட்டரில் பார்க்காதீர்கள். நீங்கள் கொண்டுபோகும் பெட்டியையே உடைத்து ஓட்டச் சொல்லுங்கள்.

1. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே. 3840×2160, 60 ஹேர்ட்ஸ், நிற வடிவம் ஆர்ஜிபி என்று வர வேண்டும். 30 என்று நின்றால் மொனிட்டரின் சொந்தப் பட்டியலுக்குள் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளே போர்ட் பதிப்பைத் தெரிவுசெய்யும் இடம் இருக்கிறதா தேடுங்கள். சில மொடல்கள் பழைய பதிப்பில் வைத்தே பெட்டியில் வரும்.
2. கறுப்புப் படம். எரிந்துகொண்டிருக்கும் புள்ளி இதில் தெரியும். மூலை ஒளிக்கசிவைக் கடையின் பளீர் வெளிச்சத்தில் சரியாகப் பார்க்க முடியாது. கையால் மறைத்தாவது பாருங்கள்.
3. வெள்ளை, பிறகு மூன்று நிறங்கள். செத்த பிக்ஸல் கரும்புள்ளியாகத் தெரியும். 163 பிக்ஸல் நெருக்கத்தில் ஒரு புள்ளி 0.16 மி.மீ. தான், கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டு, வரி வரியாகப் பாருங்கள்.
4. சாம்பல் படம். அழுக்குத் துணி போட்டது போலத் திட்டுகள், ஒரு பக்கம் மஞ்சள் சாயல் இருக்கிறதா? மலிவுப் பனலில் அதிகம் காணும் குறை இதுவே. வொரண்டியில் மாற்றிக் கொடுக்கத் தயங்குவதும் இதையே.
5. வெளிச்சத்தை 20%க்கு இறக்கி, போன் கமராவைத் திரைக்கு நேரே பிடியுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் பின்னொளி துடிக்கிறது. சிலருக்கு இதனால் தலைவலி வரும். அப்படியானவர் என்றால் வேறு மொடல்.
6. எல்லாப் போர்ட்டிலும் ஒருமுறை செருகிப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு போர்ட் இறந்து கிடப்பதைக் கண்டால் மறுபடி ஒரு நாள் போகும்.

ஓட்டோவில் கொண்டு வருவதென்றால் பெட்டி அம்புக்குறிப்படி நிமிர்ந்தே இருக்கட்டும், திரைப்பக்கம் உங்கள் முதுகுப் பக்கமாக. படுக்க வைத்து மேலே சாமான் ஏற்றினால் ரிஜிபோம் இருந்தும் பயனில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் பார்சல் போடுகிறவர்கள் இதைக் கொண்டக்டரிடம் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

படி 7: வீட்டில் பொருத்துதல்

பெட்டியில் வந்த கேபிளையே முதலில் பாவியுங்கள். வேறு எச்டிஎம்ஐ வாங்கினால் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' முத்திரையுள்ளது, 2 மீற்றருக்குள். திரை இரண்டு செக்கன் கறுத்து மீள்வது, மினுக்கம் மினுக்கமாகப் புள்ளிகள் சிதறுவது இரண்டும் கேபிளின் குற்றம். மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். மலிவு டிஸ்பிளே போர்ட் கேபிளில் இன்னொரு வில்லங்கம் உண்டு: 20ஆம் ஊசியை இணைத்திருப்பார்கள். அது மின்சாரம் போகும் ஊசி. இணைந்தால் கணினி எழும்பாமல் அடம்பிடிக்கும். காரணம் தெரியாமல் மதர்போர்டைச் சந்தேகிப்பார்கள்.

ஸ்கேல்: 27 அங்குலத்துக்கு 150%, 32க்கு 125% அல்லது 150%, 43க்கு 100%. "150% வைத்தால் 4கே வாங்கி என்ன பயன், கியூஎச்டி அளவு இடந்தானே கிடைக்கிறது" என்பார்கள். இடம் அவ்வளவுதான், உண்மை. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டேகால் மடங்கு பிக்ஸலால் வரையப்படுகிறது. அதற்குத்தான் காசு கொடுத்தீர்கள்.

பழைய மென்பொருள்தான் இங்கே சண்டை பிடிக்கும். பாமினி எழுத்துருவோடு பேஜ்மேக்கர் ஓட்டும் அச்சகங்களில் 4கே போட்டதும் பட்டியல்கள் எறும்பளவு ஆகும், அல்லது முழுச் சாளரமும் புகைபடிந்ததுபோல் கலங்கும். அந்த மென்பொருளின் குறுக்குவழியை வலது சொடுக்கி, ப்ரொப்பர்ட்டீஸ், கொம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் போங்கள். கடைசியிலுள்ள 'ஓவர்ரைடு' பெட்டியைத் தெரிவுசெய்து 'சிஸ்டம் (என்ஹான்ஸ்ட்)' வையுங்கள். எறும்பளவு போய்விடும். கலங்கல் சில மென்பொருளில் குறையும், சிலவற்றில் மசியாது. நாள் முழுக்கப் பேஜ்மேக்கரே வேலை என்றால் நேர்மையான பதில்: 24 அங்குல முழு எச்டியே உங்களுக்கு நல்லது.

மொனிட்டர் பட்டியலில் டைனமிக் கொன்ட்ராஸ்டை நிறுத்துங்கள். ஓவர்டிரைவை நடுவில் வையுங்கள். ஷார்ப்னஸைத் தொடாமல் விடுங்கள். ஏற்றினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒன்றாகும் வரை இறக்குங்கள். கண்ணெரிவு என்று வருகிறவர்களில் பலர் பெட்டியில் வந்தபடி 80, 100% வெளிச்சத்தில் வைத்திருப்பவர்கள்.

மெமரி ஒற்றைக் கட்டையாக இருக்கும் லெப்டொப்பில் உள்கட்டிய கிராபிக்ஸ் 4கேயில் மூச்சுவாங்கும். அதே அளவில் இரண்டாவது மெமரி போட்டால் நன்றாகத் தெளியும். மொனிட்டரைத் திட்டுமுன் இதைப் பாருங்கள்.

படி 8: மின்சாரம், மின்னல், உப்புக்காற்று

மின்கட்டணம் பயப்படும் அளவில்லை. 35 வாற் எடுக்கும் மொனிட்டர் தினம் 8 மணித்தியாலம் ஓடினால் மாதம் 8.4 அலகு. உங்கள் மொடல் எடுக்கும் வாற் எவ்வளவு என்பது தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் இருக்கும்.

பயப்பட வேண்டியது மின்னலுக்கு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைக் காலத்தில் சுவிட்சை நிறுத்துவது போதாது, பிளக்கையே கழற்றுங்கள். ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் லான் வயரையும் கழற்றுங்கள். அந்த வழியே வந்த அடி, எச்டிஎம்ஐ வழியாக மொனிட்டர் போர்ட் வரை போகும்.

பழைய வீடுகளின் வட்ட ஊசிப் பிளக் பேஸில் 13 அம்பியர் பிளக்கை அடாப்டர் வைத்துச் செருகும்போது, புவித்தொடர்பு அங்கே வரை வருகிறதா என்று மின்னியலாளரிடம் பார்க்கச் சொல்லுங்கள். மொனிட்டரின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் சுரீர் என்றால் புவித்தொடர்பு அநேகமாக இல்லை என்று அர்த்தம்.

பின்னொளிக்கும் உள் மின்சுற்றுக்கும் வெளி அடாப்டரால் மின்சாரம் தரும் மொடல்களில் அந்த அடாப்டர் மேசைக்குக் கீழே ஒரு கட்டியாகத் தொங்கும், அசிங்கந்தான். ஆனால் மின்னழுத்தம் எகிறி அடிபட்டால் பல நேரம் சேதம் அடாப்டரோடு நின்றுவிடும். அதே வோல்ட், அதே முனைவு, குறையாத அம்பியர் பார்த்து வேறொன்று வாங்கலாம். உள்ளே மின்சப்ளை உள்ள மொடலைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

கடலோரத்தில், வெள்ளவத்தை தெஹிவளைப் பக்கம், பாவிக்காத போர்ட்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பொன் முலாம் இல்லாத ஊசிகளில் பச்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். திரையைத் துடைக்க, பிழிந்த மென்துணியும் சாதாரண நீரும் மட்டும்; அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் மேற்பூச்சை உரித்துவிடும்.

இரவில் ஜன்னல் திறந்திருந்தால் வெளிச்சத்துக்கு வரும் பொடிப்பூச்சி, சட்ட இடுக்கால் திரைக்கும் ஒளிபரப்பும் தாளுக்கும் நடுவே நுழைந்துவிடும். செத்த பிக்ஸல் ஒன்று நடந்து போகிறதே என்று விரலால் அழுத்திவிடாதீர்கள். நசுங்கினால் அது அங்கேயே ஒட்டி நிற்கும், வொரண்டியும் பொறுப்பேற்காது. திரையை அணைத்து, பக்கத்தில் மேசை விளக்கைப் போட்டுவிட்டு விடுங்கள். அநேகமாக வந்த வழியே போய்விடும்.

பெட்டியையும் ரிஜிபோமையும் வொரண்டி முடியும் வரை எறியாதீர்கள். ஏஜென்டிடம் திருப்பிக் கொண்டுபோகும்போது வேறு பெட்டியில் வைத்துத் திரை வெடித்தால் அது உங்கள் கணக்கு. அலுமாரிக்கு மேலே வைக்கும்போது அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள். பில்லைப் போனில் படமெடுத்து வையுங்கள்; சூட்டில் அச்சாகும் பில் தாள் ஒரு வருடத்திலேயே வெளுத்து வெறுந்தாளாகிவிடும்.